எல்டர்பெர்ரி சிரப்: அடுப்பில் நடக்கும் வேதியியல்

1983 ஆகஸ்ட் மாதம். கலிஃபோர்னியாவின் மான்டரே மாவட்டத்தில், ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளியிருந்த ஓரிடத்தில், ஆன்மிகக் குழு ஒன்றின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வந்திருந்தவர்கள் 25 பேர். அக்கம்பக்கத்தில் தானாக வளர்ந்து கிடந்த எல்டர் மரங்களிலிருந்து பழங்களைப் பறித்து, இலையும் சிறு கிளையுமாக அப்படியே எஃகுப் பிழிபொறியில் நசுக்கி, ஆப்பிள் சாறும் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து குடிக்கக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. 11 பேர் படுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 26 அன்று எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. ஐந்து குவளை குடித்திருந்த ஒருவர் நினைவு மங்கிய நிலையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார். நல்ல வேளை, எல்லோரும் சீக்கிரமே தேறிவிட்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அடுத்த ஆண்டு தன் வார அறிக்கையில் இந்தச் சம்பவத்தைப் பதிவுசெய்தது.

இதே பழத்தைத்தான் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு சிரப்பாகக் காய்ச்சுகிறார்கள். சளி பிடித்தால், காய்ச்சல் வரும்போல் இருந்தால், ஒரு ஸ்பூன் ஊற்றிக் கொடுக்கிறார்கள். இப்போது இந்தியாவிலும் இணையக் கடைகளில் எல்டர்பெர்ரி சிரப்பும் கம்மி மிட்டாயும் வந்துவிட்டன. டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர்கள் காய்ந்த பழத்தைப் பொட்டலமாக வாங்கி வருவதும் உண்டு. அதனால் இந்தப் பழத்தைப் பற்றி நாமும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே பழம் ஓரிடத்தில் ஆளைப் படுக்கவைக்கிறது, இன்னோரிடத்தில் மருந்தென்று ஊற்றப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அடுப்பு. அந்த அடுப்பு உறுதியாகச் செய்வது என்ன, சிரப் செய்வதாகச் சொல்லப்படுவது என்ன என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கைவைத்தியத்தின் உண்மையான மதிப்பு தெரியும்.

முதலில் மரம். ஐரோப்பிய எல்டரின் தாவரவியல் பெயர் சம்புகஸ் நைக்ரா. அமெரிக்க எல்டர் அதற்கு மிக நெருங்கிய சொந்தம். சம்புகஸ் கனடென்சிஸ் என்பார்கள். மரம் என்று சொன்னாலும் பெரும்பாலும் புதர்தான். ரயில் பாதை ஓரம், வேலி ஓரம், ஆற்றங்கரை என்று மண் வளமாக, ஈரமாக இருக்கும் இடமெல்லாம் மண்டும். இலைக்காம்பின் இருபக்கமும் எதிரெதிராகச் சிற்றிலைகள். கோடையின் தொடக்கத்தில் தட்டு விரித்தாற்போல் வெளிர்மஞ்சள் பூங்கொத்து. ஆகஸ்ட், செப்டம்பரில் அதே கொத்து கனம் தாங்காமல் தலைகீழாகத் தொங்கும். ஒவ்வொரு பழமும் அரை சென்டிமீட்டர் அகலம்தான். கறுப்பென்று சொல்லலாம், நசுக்கினால் அடர்ந்த ஊதாச் சிவப்பு.

கிளையை ஒடித்துப் பார்த்தால் நடுவில் வெண்மையான, பஞ்சுபோல் லேசான சோறு இருக்கும். நம் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் நிலைமின்னியல் பாடத்தில் நெட்டிப் பந்து வருமே, ஐரோப்பிய ஆய்வகங்களில் அந்தப் பந்தை இந்த எல்டர் சோற்றில்தான் செய்தார்கள். சோற்றைத் தள்ளிவிட்டால் கிளை குழலாகிவிடும். பிள்ளைகள் அதில் ஊதுகுழலும் பட்டாணித் துப்பாக்கியும் செய்து விளையாடி, வாயில் வைத்த பச்சைத் தண்டின் நஞ்சால் நோயுற்றது மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. இந்தச் செடியில் நஞ்சு எங்கே அதிகம் என்பதற்கு அதுவே சான்று. இலை, தண்டு, வேர், பச்சைக் காய் ஆகியவற்றில் அதிகம். நன்றாகப் பழுத்த பழத்தின் சதையில் மிகக் குறைவு.

அந்த நஞ்சு எப்படி உருவாகிறது? செடி அதை நேரடியாகச் சேமித்து வைப்பதில்லை. சம்புநைக்ரின் என்ற சேர்மமாக, சர்க்கரையோடு பிணைத்து, செல்லுக்குள் ஓர் அறையில் பூட்டி வைக்கிறது. அதை உடைக்கக்கூடிய நொதி வேறோர் அறையில் இருக்கிறது. பூச்சி கடித்தாலோ, மாடு மென்றாலோ, பிழிபொறி நசுக்கினாலோ இரண்டு அறையும் உடைந்து ஒன்று கலக்கும். நொதி சர்க்கரையைக் கத்தரித்துவிட, மிச்சம் இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதி பென்சால்டிஹைடு, பாதாம் வாசனைக்குக் காரணமான பொருள். மறுபாதி ஹைட்ரஜன் சயனைடு. நம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் இருக்கும் நொதியை இது அடைத்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் அதை எடுத்தாள முடியாது.

நமக்கு இது புதிய கதை அல்ல. மரவள்ளிக்கிழங்கும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. அதன் சேர்மத்துக்குப் பெயர் லினமரின், வெளிவரும் நஞ்சு அதே சயனைடு. மரவள்ளியை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. தோலுரித்து, நறுக்கி, பாத்திரத்தைத் திறந்துவைத்து வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுகிறோம். சேலத்து ஜவ்வரிசி ஆலையிலும் கிழங்கை அரைத்துக் கழுவும்போது நடப்பது அதே விலக்கல்தான். நம் கல்லீரலுக்கும் சிறிதளவு சயனைடைச் சமாளிக்கத் தெரியும். கந்தகத்தைச் சேர்த்து அதைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அளவு மீறினால்தான் ஆபத்து.

ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸ். சென்னையின் மார்கழி நண்பகலே அதைவிடச் சூடு. ஆகவே மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்கவிட்டால் உண்டான சயனைடு ஆவியோடு போய்விடும். சம்புநைக்ரினும் நீண்ட வெப்பத்தில் குறைகிறது என்று ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் எல்டர் சாறு, பழக்கூழ் முதலியவற்றை அளந்து காட்டியிருக்கிறார்கள். உயரமான மலைச்சரிவில் வளர்ந்த செடிகளில் இந்தச் சேர்மம் கூடுதல் என்பதும் அவர்கள் கண்டதே. அமெரிக்காவில் எல்டர் சாகுபடிக்குப் பெயர்போன மிசௌரி மாநிலத்தின் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, பழுத்த அமெரிக்க எல்டர்பெர்ரியில் இதன் அளவு அஞ்சத்தக்கதாக இல்லை என்றும், கடையில் விற்கும் சாற்றில் அளக்கும்படி எதுவும் அகப்படவில்லை என்றும் சொல்கிறது. தண்டிலும் பச்சைக் காயிலும்தான் கூடுதல்.

அப்படியென்றால் பழுத்த பழத்தைப் பச்சையாக ஒரு கைப்பிடி தின்றவர்களுக்கும் வயிறு பிரட்டுகிறதே, அது ஏன்? அங்கே இன்னொரு சந்தேக நபர் இருக்கிறார்: லெக்டின். செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இது. குடலில் செரிக்காமல் எரிச்சல் மூட்டும். ராஜ்மாவை வேகவைக்காமல் தின்னக் கூடாது என்பதற்கும் லெக்டின்தான் காரணம். கொதிநீரில் சில நிமிடங்களிலேயே இதன் மடிப்பு குலைந்துவிடும், பிறகு குடல் நொதிகள் இதைச் சாதாரணப் புரதமாகச் செரித்துவிடும்.

எல்டர் பட்டையில் இருக்கும் ஒரு லெக்டினைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மனிதனைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸ் நம் மூச்சுக்குழாய்ச் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலத்தில் ஒருவகைப் பிணைப்பைத் தேடிப் பிடிக்கும். பறவைக் காய்ச்சல் வைரஸ் வேறொரு பிணைப்பைப் பிடிக்கும். எல்டர் பட்டையின் லெக்டினும் மனித வைரஸ் தேடும் அதே பிணைப்பைத்தான் பிடிக்கிறது. இதை 1987-இல் கண்டறிந்த பிறகு, திசுவில் எந்த வைரஸ் எங்கே ஒட்டும் என்று வரைபடம் போட ஆய்வகங்கள் இதைச் சாயம்போலப் பயன்படுத்துகின்றன. 2006-இல் யோஷிஹிரோ கவோகாவின் குழு இத்தகைய லெக்டின்களைக் கொண்டு, மனித வைரஸுக்கான இடங்கள் மேல் மூச்சுப்பாதையிலும் பறவை வைரஸுக்கானவை நுரையீரலின் ஆழத்திலும் இருப்பதைக் காட்டியது. பறவைக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் ஏன் தொற்றுவதில்லை என்பதற்கு அது முக்கியமான துப்பு. எல்டர் செடி ஃப்ளூ ஆய்வுக்குச் செய்திருக்கும் ஐயத்துக்கிடமில்லாத உதவி இதுவே என்பேன்.

சிரப்புக்கு வருவோம். பழம் கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். ஐரோப்பாவில் சம்புகஸ் எபுலஸ் என்ற குட்டை எல்டர் உண்டு. மரத்தண்டு கிடையாது, ஆளுயரச் செடி, பழக்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அது நச்சு. அமெரிக்காவில் போக்வீட் என்ற செடியின் கருநீலப் பழத்தையும் ஆட்கள் எல்டர் என்று நினைத்துவிடுவார்கள். ஒற்றைக் காம்பில் நீண்ட சரமாகத் தொங்குவது, தண்டு ரத்தச் சிவப்பாக இருப்பது அதன் அடையாளம். செம்பழ எல்டரையும் தவிர்ப்பது நல்லது. துளி ஐயம் இருந்தாலும் பறிக்காமல் கடையில் காய்ந்த பழம் வாங்கிவிடலாம்.

பறித்த பழத்தைக் கொத்திலிருந்து உதிர்ப்பதுதான் பெரிய வேலை. முள்கரண்டியால் சீவுவார்கள். கொத்தோடு உறைபெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டு உலுக்கினால் மணிகள் சுலபமாக உதிரும். காம்புத் துணுக்குகளையும் பச்சைக் காய்களையும் பொறுமையாகப் பொறுக்கி எடுக்க வேண்டும், நஞ்சு அங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் குப்பையும் காயும் பெரும்பாலும் மிதக்கும், வழித்து எறிந்துவிடலாம். பாத்திரத்திலும் கையிலும் பச்சைநிறப் பிசின் ஒன்று ஒட்டிக்கொள்ளும், சோப்புக்குப் போகாது. பலாப்பழம் அரியும்போது செய்வதுபோல எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும்.

காய்ந்த பழம் 100 கிராம் என்றால் தண்ணீர் ஒரு லிட்டர். புதுப் பழம் 300 கிராம் என்றால் முக்கால் லிட்டர் போதும். ஒரு துண்டு பட்டை, நாலைந்து கிராம்பு, தட்டிய இஞ்சி சேர்ப்பது வழக்கம். இவை மணத்துக்கும் தொண்டைக்கு இதமான காரத்துக்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல், ஜன்னலைத் திறந்துவைத்து, முக்கால் மணி நேரம் காய்ச்சினால் பாதியாக வற்றும். இடையிடையே மத்தால் மசித்துக்கொடுக்க வேண்டும். பிரஷர் குக்கர் இதற்கு ஆகாது. ஆவி வெளியேறுவதுதான் இங்கே காரியம், குக்கர் அதைத்தான் தடுக்கும். மிக்ஸியில் பச்சைப் பழத்தை விதையோடு அரைத்து வடிகட்டுவதும் வேண்டாம். காய்ச்சி வற்றியதை மெல்லிய துணியில் பிழிந்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 300 கிராம் தேனோ சர்க்கரையோ கலந்து, ஒரு எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாட்டிலில் அடைக்கலாம்.

எலுமிச்சை விழும் நொடியில் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். மங்கிய ஊதா பளிச்சென்ற சிவப்பாகும். பழத்தின் நிறம் ஆந்தோசயனின் வகைச் சேர்மங்களால் வருவது. நாவல்பழத்துக்கும் நிறம் தருவது இந்தக் குடும்பமே. அமிலத்தில் இவற்றின் மூலக்கூறு சிவப்பு வடிவத்துக்குத் திரும்பும், அந்த வடிவத்தில்தான் நிலைத்தும் நிற்கும். ஆனால் வெப்பம் இவற்றுக்குப் பகை. நஞ்சைப் போக்கக் கொதிக்கவைக்கிறோம், அதே கொதியில் நிறச்சத்தும் வைட்டமின் சியும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. எனவே முக்கால் மணி நேரம் என்பது ஒரு சமரசம். சத்து போய்விடும் என்று பயந்து காய்ச்சும் நேரத்தைக் குறைப்பவர்களும், பச்சைச் சாறே உயர்ந்தது என்பவர்களும் சமரசத்தின் தவறான பக்கத்தில் நிற்கிறார்கள்.

அடுத்து, கெடாமல் இருப்பது. பலர் தவறுவது இங்கேதான். சித்த மருத்துவத்தில் ஆடாதோடை மணப்பாகு மாதக்கணக்கில் இருக்கிறது, கடை சிரப்பும் இருக்கிறது, வீட்டு எல்டர் சிரப் மட்டும் ஏன் குளிர்பெட்டியிலேயே இரண்டு மூன்று வாரம் தாண்டாது? சர்க்கரையின் அடர்த்திதான் காரணம். இந்திய மருந்தியல் நூல் சாதாரண சிரப்புக்கு வரையறுப்பது எடையில் 66.7 விழுக்காடு சர்க்கரை. அந்த அடர்த்தியில் தண்ணீரெல்லாம் சர்க்கரையின் பிடியில் இருப்பதால், உள்ளே விழும் நுண்ணுயிரி தன் உடல்நீரையும் இழந்து வாடிவிடும். நாம் மேலே சொன்ன அளவில் தேன் 300 கிராம், அதில் சர்க்கரை ஏறக்குறைய 240 கிராம், மொத்தப் பாகு 800 கிராம். அதாவது 30 விழுக்காடு. இது நுண்ணுயிரியை வாட்டுவதற்குப் போதாது. பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் அது நல்ல விருந்து.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. காற்றுப்புகாத பாட்டிலில் அறைவெப்பத்தில் வைக்கும் உணவில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். அமிலத்தன்மை போதுமான அளவில், அதாவது பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. மற்றப் பல பழங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. அமெரிக்க எல்டர்பெர்ரி வகைகள் சில கோட்டைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கும் யோசனையே வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம். நுரைத்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டும். ஆனால் பொட்டுலினம் நஞ்சுக்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. குளிரில் வைப்பதும் அந்தக் கெடுவுக்குள் முடிப்பதும்தான் காப்பு.

தேன் சேர்த்த சிரப்பை ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் துளிகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் அதே பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். வளர்ந்தவர்களின் குடல் அவற்றை முளைக்க விடாது. கைக்குழந்தையின் குடலில் அந்தத் தற்காப்பு இன்னும் அமையாததால் உள்ளேயே முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும். குழந்தைக்கு நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளிலும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, குடித்தால் ஃப்ளூ குறையுமா?

ஐரோப்பியர்கள் நெடுங்காலமாகவே அப்படி நம்பினார்கள். 1631-இல் மார்ட்டின் பிளாக்விட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் எல்டர் ஒன்றைப் பற்றியே லத்தீனில் ஒரு முழு நூல் எழுதினார். மரங்களைப் பற்றி 1664-இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் ஜான் ஈவ்லின் இதை ஏறக்குறைய சகல நோய் நிவாரணியாகப் புகழ்ந்தார். டென்மார்க்கில் எல்டர் மரத்துக்குள் ஒரு தாய்த்தெய்வம் குடியிருப்பதாகவும் கேட்காமல் கிளை வெட்டக் கூடாதென்றும் நம்பினார்கள். அந்நாட்டுக் கதாசிரியர் ஆண்டர்சன் அந்த அன்னையை வைத்து ஒரு கதையே எழுதியிருக்கிறார். பழத்தின் நிறம் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் போர்ச்சுகல் சாட்சி. 18-ஆம் நூற்றாண்டில் போர்ட் ஒயினுக்கு நிறமேற்ற எல்டர்பெர்ரி கலக்கும் மோசடி பெருகியதால், பொம்பால் பிரபுவின் ஆட்சியில் தூரோ பள்ளத்தாக்கின் எல்டர் மரங்களைப் பிடுங்கி எறிய உத்தரவானது.

பழைய நம்பிக்கையை இன்றைய முறையில் சோதித்துப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று இஸ்ரேலில் நடந்தது. 1993-இல் ஒரு கிப்புட்ஸ் குடியிருப்பில் இன்ஃபுளுவென்சா பி பரவியபோது சிலருக்கு எல்டர் சாறும் சிலருக்கு வெறும் பாகும் கொடுத்தார்கள். எல்டர் குடித்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டு நாளில் தேறினார்கள், மற்றவர்களுக்கு ஆறு நாள் ஆயிற்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கில் வந்தவர்கள் 27 பேர்தான், தயாரிப்பை உருவாக்கியவரும் ஆய்வறிக்கை எழுதியவர்களில் ஒருவர். 2004-இல் நார்வேயில் 60 பேரிடம் நடந்த சோதனை வெளியானது. நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு 15 மில்லிலிட்டர், ஐந்து நாள். எல்டர் குழுவுக்குச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகவே அறிகுறிகள் தணிந்தன. இன்று விற்கும் ஒவ்வொரு பாட்டிலின் விளம்பரத்துக்கும் வேர் இந்த இரண்டு சிறிய ஆய்வுகளில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் நெடும்பயணம் போன 312 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான சோதனையில் சிரப் இல்லை, மாத்திரைக் கூடு. எல்டர் எடுத்தவர்களில் 12 பேருக்கும் எடுக்காதவர்களில் 17 பேருக்கும் சளி பிடித்தது. எண்ணிக்கையில் இருக்கும் இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. சளி இருந்த நாள்களைக் கூட்டியபோது 57-க்கு 117 என்று வந்தது. சளி வருவதைத் தடுக்கவில்லை, வந்தபின் நாள்களைக் குறைத்திருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் எதிர்ச்சாட்சி 2020-இல் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான, ஐந்து வயதுக்கு மேற்பட்ட 87 பேரிடம் எல்டர் சாற்றைச் சோதித்தார்கள். விற்பனையாளர் யாருடைய பணமும் இல்லை. பலன்? எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒசெல்டாமிவிர் மருந்து எடுக்காமல் எல்டரை மட்டும் எடுத்தவர்களுக்கு, வெறும் பாகு குடித்தவர்களைவிடச் சராசரியாக இரண்டு நாள் கூடுதலாகவே நோய் நீடித்தது. இந்தக் கடைசிக் கணக்கு முன்னரே திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆகவே அதை வைத்து எல்டர் கெடுதல் என்று தீர்ப்பெழுதக் கூடாது. ஆனால் எல்டர் ஃப்ளூவைக் குணப்படுத்துகிறது என்று யாரும் மார்தட்ட முடியாது என்பது மட்டும் தெளிவு.

ஆய்வகக் குடுவையில் வேலை செய்கிறதே என்பார்கள். உண்மைதான். சிட்னி பல்கலைக்கழகத்தினர் 2019-இல் எல்டர் சாறு வைரஸின் மேற்புறப் புரதங்களைத் தடுக்கிறது என்று செல் வளர்ப்பில் காட்டினார்கள். ஆனால் குடுவையில் சாறு வைரஸின் மேலேயே ஊற்றப்படுகிறது. நாம் குடித்தால் அது போவது வயிற்றுக்கு, வைரஸ் இருப்பதோ மூச்சுக்குழாயில். ஆந்தோசயனினில் குடல் வழியே மாறாமல் இரத்தத்துக்குள் நுழைவது சொற்பத்திலும் சொற்பம். உட்கொண்டதில் ஒரு விழுக்காடுகூட அப்படியே சிறுநீரில் தென்படுவதில்லை. குடல் பாக்டீரியாக்கள் உடைத்துத் தரும் துண்டுகள் ஏதாவது செய்யலாம். அதற்கான நேரடிச் சான்று இன்னும் மெலிதாகவே இருக்கிறது.

கொரோனாவின் முதல் ஆண்டில் இந்த மெலிந்த சான்றின் மேல் பெரிய வியாபாரம் ஏறி உட்கார்ந்தது. 2020-இல் அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் மட்டும் 27 கோடி டாலருக்கும் மேல் எல்டர்பெர்ரி தயாரிப்புகள் விற்றன, முந்தைய ஆண்டைப்போல் இரண்டரை மடங்கு. பயந்துபோன மக்கள் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘நோய் எதிர்ப்பாற்றலை உயர்த்தும்’ என்று பாட்டிலில் அச்சிட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள். எதிர்ப்பாற்றல் என்பது ஒரே குமிழைத் திருகி ஏற்றும் பொருள் அல்ல. காய்ச்சல், உடல்வலி, சோர்வு எல்லாமே அந்த ஆற்றல் வேலை செய்வதன் விளைவுதான். எல்டர் சாறு ஆரோக்கியமானவர்களின் இரத்தச் செல்களில் அழற்சிச் செய்தி மூலக்கூறுகளைக் கூட்டியதாக 2001-இல் ஓர் ஆய்வு சொன்னபோது, அது கொரோனாக் காலத்தில் மறுபக்க பயத்தையும் கிளப்பியது. 2021-இல் வந்த முறையான தொகுப்பாய்வு அந்தப் பயத்துக்கும் தக்க ஆதாரம் காணவில்லை. நோயின் நாள்களை எல்டர் குறைக்கக்கூடும், ஆனால் சான்று உறுதியற்றது என்பதே அதன் முடிவு.

என் கணிப்பு இது. ஒழுங்காகக் காய்ச்சிய எல்டர்பெர்ரி சிரப் ஒரு நல்ல உணவு. அழகிய நிறம், தனியான ஒரு மணம், லேசான துவர்ப்பு. வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கலந்து குடித்தால் தொண்டைக்கு இதம், வறண்ட இருமலைத் தேன் சற்றுத் தணிக்கும், காய்ச்சல்காரருக்கு உடலில் நீர் சேரும். இவ்வளவும் உறுதி. வட ஜெர்மனியில் இதே சாற்றில் ஆப்பிளும் ரவை உருண்டையும் போட்டுச் சூப் செய்து சாப்பிடுகிறார்கள். அவர்கள் அதை மருந்துக் கணக்கில் வைக்கவில்லை. நம் ஊரில் இருப்பவர்கள் விலை கொடுத்துக் காய்ந்த எல்டர் வாங்கித் தேடிப்போக வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டில் வேலியோரம் பழம் தொங்கும் வீட்டில் இருப்பவர்கள் தயங்காமல் காய்ச்சிப் பார்க்கலாம், மேலே சொன்ன எச்சரிக்கைகளோடு.

சர்க்கரை நோயாளிகள் இதிலுள்ள இனிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும், பால் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். வீட்டில் முதியவருக்கோ சிறு குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ ஆஸ்துமா, இதய நோய் உள்ளவருக்கோ ஃப்ளூ போன்ற காய்ச்சல் வந்தால், சிரப் வேலை செய்யட்டும் என்று நாள் கடத்தாதீர்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், குழப்பமாகப் பேசினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.